கோனெரில் சொன்னது உடலா, படுக்கையா? பதிப்பாசிரியர் கிரெக் பற்றி ஓர் இழை

ஆற்றுமணல் எழுதியது:

இரண்டு ஆண்டுகளாக ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தைத் தமிழில் பெயர்த்து வருகிறேன். நான்காம் அங்கம் இரண்டாம் காட்சியில், ஒரு வரியில் வந்து நின்றுவிட்டேன். கோனெரில் தன் காதலன் எட்மண்டை வழியனுப்பிவிட்டு, கணவன் ஆல்பனியை நினைத்துச் சொல்லும் வரி அது. ஆணுக்கும் ஆணுக்கும் எத்தனை வேறுபாடு என்று தொடங்கி, உனக்கல்லவா ஒரு பெண் பணிவிடை செய்ய வேண்டும் என்கிறாள். அடுத்த வரி என்னிடம் உள்ள ஒரு பதிப்பில் 'என் மூடன் என் உடலை அபகரித்திருக்கிறான்' என்று பொருள்படுகிறது. இன்னொரு பதிப்பில் 'ஒரு மூடன் என் படுக்கையை அபகரித்திருக்கிறான்' என்று இருக்கிறது. இரண்டும் பெயர் பெற்ற பல்கலைக்கழக வெளியீடுகள்தான். எதை நான் மொழிபெயர்ப்பது?

அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு போனபோது ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது: டபிள்யூ. டபிள்யூ. கிரெக். வால்டர் வில்சன் கிரெக். 1875இல் விம்பிள்டனில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் ஜேம்ஸ் வில்சன் 'எக்கனாமிஸ்ட்' இதழைத் தொடங்கியவர். பேரன் வளர்ந்து அந்த இதழின் ஆசிரியராக வேண்டும் என்று குடும்பம் எண்ணியிருந்தது. அவரோ கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் படித்த நாட்களிலேயே பழைய ஆங்கில நாடகங்களின் பக்கம் சாய்ந்துவிட்டார். 1900இல், 25 வயதில், 1643க்கு முன் எழுதப்பட்டு 1700க்குள் அச்சான ஆங்கில நாடகங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அந்தப் பட்டியலை விரிப்பதும் திருத்துவதும் ஏறக்குறைய அவருடைய வாழ்நாள் வேலையாகவே ஆகிவிட்டது. அதன் முழு வடிவம் நான்கு பெருந்தொகுதிகளாக 1939இல் தொடங்கி 1959இல் முடிந்தது. அதே 1959 மார்ச் மாதம் அவர் இறந்துபோனார்.

1907 முதல் 1913 வரை டிரினிட்டி கல்லூரி நூலகர். அதற்குப் பிறகு பேராசிரியர் பதவி எதுவும் இல்லை, மாணவர் கூட்டம் இல்லை. வீட்டு மேசையும் நூலகங்களும்தான். 1906இல் தொடங்கப்பட்ட மலோன் சங்கத்தின் பொதுப் பதிப்பாசிரியராக 1939 வரை இருந்து, யாரும் தொடாமல் கிடந்த பழைய நாடகங்களை எழுத்துக்கூட்டல்கூட மாறாமல் ஒவ்வொன்றாக அச்சுக்குக் கொண்டுவந்தார்.

ஷேக்ஸ்பியரைப் படிக்கும் எவரும் இவர் தொட்ட பாடத்தைத்தான் படிக்கிறோம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஆனால் தமிழில் இவரைப் பற்றி நான் ஒரு பத்திகூடக் கண்டதில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள். என் வரிக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

—

ஈயஎழுத்து எழுதியது:

ஆங்கில இலக்கியம் எனக்குத் தெரியாது. ஆனால் 34 ஆண்டுகள் அச்சகத்தில் கம்பாசிட்டராக நின்றவன். நீங்கள் சொல்லும் வேறுபாடு எப்படி வந்திருக்கும் என்பதை என்னால் சொல்ல முடியும்.

கையால் கோக்கும் அச்சில் பக்கங்களைப் பாரமாகப் பூட்டி, மை தடவி, முதல் தாளை எடுத்ததும் அது திருத்துபவர் கைக்குப் போகும். நாங்கள் புரூஃப் வரும்வரை மெஷினை நிறுத்தி வைப்போம். ஆனால் அவசர வேலையில், ஆள் சும்மா நிற்கக் கூடாது என்று முதலாளி ஓட்டச் சொல்லிவிடுவார். திருத்தம் வந்து சேர்வதற்குள் ஐம்பது தாளோ நூறு தாளோ போயிருக்கும். பிறகு மெஷினை நிறுத்தி, பாரத்தைத் தளர்த்தி, இடுக்கியால் எழுத்தைப் பிடுங்கி மாற்றி, மறுபடி ஓட்டுவோம். முதலில் ஓடிய தாள்களை எறிவார்களா? தாள் விலை தெரிந்தவன் எறிய மாட்டான். அதையும் சேர்த்துத்தான் தைப்பார்கள். ஒரே நாளில், ஒரே மெஷினில் பிறந்த இரண்டு புத்தகங்கள் ஒன்றுக்கொன்று மாறியிருப்பது இப்படித்தான். ஏட்டுச் சுவடியில் பாடபேதம் வந்தால் அது எழுதியவர் கையால் வந்தது. அச்சில் வருவது மெஷின் ஓடிய நேரத்தால் வருவது.

இன்னொன்றும் உண்டு. ஒரு பக்கம் திருத்திய தாளாகவும், அதே புத்தகத்தில் வேறொரு பக்கம் திருத்தாத தாளாகவும் இருக்கும். 'திருத்திய பிரதி' என்று முழுப் புத்தகத்தைக் காட்டிச் சொல்லவே முடியாது, தாள் தாளாகத்தான் சொல்ல வேண்டும்.

—

ஆற்றுமணல் எழுதியது:

அய்யா, நீங்கள் சொன்னதைத்தான் கிரெக் 1940இல் ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். 'கிங் லியர்' முதல் குவார்ட்டோ, அதாவது தாளை நான்கு இலையாக மடித்துச் செய்த சிறு அச்சு நூல், 1608இல் நிக்கலஸ் ஓக்ஸ் அச்சகத்தில், நத்தானியேல் பட்டர் என்ற புத்தக வணிகருக்காக அச்சானது. ஓக்ஸ் அச்சிட்ட முதல் நாடகம் அதுதான். இன்று 12 பிரதிகள் எஞ்சியிருக்கின்றன. பன்னிரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டு, எந்தத் தாள் திருத்துவதற்கு முன், எது பின் என்று பிரித்துக் காட்டினார்.

என் வரியின் வரலாற்றை இப்போது சொல்கிறேன். திருத்தாத தாளில் 'மை ஃபூட் உசர்ப்ஸ் மை பாடி': என் கால் என் உடலை அபகரிக்கிறது. பொருளே இல்லை. திருத்திய தாளில் 'எ ஃபூல் உசர்ப்ஸ் மை பெட்': ஒரு மூடன் என் படுக்கையை. இரண்டாம் குவார்ட்டோவில் 'மை ஃபூட் உசர்ப்ஸ் மை ஹெட்': என் கால் என் தலையை. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெருந்தொகுப்பான 1623 ஃபோலியோவில் 'மை ஃபூல் உசர்ப்ஸ் மை பாடி': என் மூடன் என் உடலை. நான்கு இடத்தில் நான்கு விதம். அவற்றில் இரண்டைத்தான் என்னிடம் உள்ள பதிப்புகளில் கண்டேன்.

—

வெள்ளாறு எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. ஃபோலியோ ஷேக்ஸ்பியரின் சக நடிகர்களே தொகுத்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் வேலை முடிந்ததே? எதற்கு இத்தனை பாடு?

—

தாழைமடல் எழுதியது:

கல்லூரியில் ஆங்கில நாடகம் கற்பிக்கிறேன். வெள்ளாறு கேட்டதை மாணவர்களும் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். ஃபோலியோவில் இல்லாத வரிகள் குவார்ட்டோவில் உண்டு, குவார்ட்டோவில் இல்லாதவை ஃபோலியோவில் உண்டு. 'லியர்' நாடகத்தில் மட்டும் குவார்ட்டோவுக்கே உரிய வரிகள் ஏறக்குறைய முந்நூறு. லியர் தன் மகள்களை விசாரணைக் கூண்டில் நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு பேசும் பைத்தியக் காட்சி ஃபோலியோவில் கிடையாது. அதை விட்டுவிட்டு யாருக்குப் பாடம் நடத்துவது?

ஆற்றுமணல் குறிப்பிட்ட இரண்டாம் குவார்ட்டோவுக்கு வருகிறேன். என்னைக் கிரெக்கின் பக்கம் இழுத்தது அந்தப் புத்தகம்தான். அதன் முகப்பிலும் 1608 என்றே இருக்கும், பட்டர் பெயரே இருக்கும். அது பொய்.

1600, 1608, 1619 என்று தேதியிட்ட சில நாடகங்களும் தேதியே இல்லாத ஒன்றும் சேர்ந்து ஒரே கட்டாகத் தைக்கப்பட்ட பழைய தொகுதிகள் இருந்தன. மொத்தம் பத்து நாடகங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஆல்ஃபிரெட் பொலார்ட், விற்காமல் தங்கிய பழைய பிரதிகளை 1619இல் யாரோ சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும் என்று விளக்கம் சொன்னார். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. கிரெக் தாளைப் பார்த்தார்.

அந்தக் காலத்துத் தாள் கையால் செய்தது. கம்பி வலை பதித்த சட்டத்தைக் கூழில் முக்கி எடுப்பார்கள். வலைமேல் ஒரு சிறு கம்பி உருவத்தைத் தைத்திருப்பார்கள், குடமோ கையோ கிரீடமோ. அந்த இடத்தில் கூழ் மெலிந்து படியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உருவம் தெரியும், அதுதான் நீர்க்குறி. குவார்ட்டோ என்றால் தாளை இரண்டு முறை மடித்து நான்கு இலையாக்குவது. அப்படி மடிக்கும்போது நீர்க்குறி சரியாக முதுகுத் தையலுக்குள் போய் விழும். பாதி ஓர் இலையிலும் பாதி இன்னோர் இலையிலும் இருக்கும். பழைய புத்தகத்தின் முதுகு உடையாமல் மெல்ல விரித்து, விளக்கின் முன் பிடித்து, இரண்டு பாதிகளையும் மனதில் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு புத்தகத்துக்கு ஒரு தாள் என்றில்லை, தாள் தாளாகப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்ததில் 1600 என்று போட்ட நாடகத்திலும் 1619 என்று போட்டதிலும் அதே நீர்க்குறிகள் கலந்து கிடந்தன. அச்சகத்தார் ஒரு வேலைக்குத் தாள் வாங்குவார்கள், அந்த வேலையில் தீர்த்துவிடுவார்கள். 19 ஆண்டுகள் ஒரே கலவையைப் பூட்டி வைத்திருந்து இரண்டாவது நாடகத்துக்கு எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே பத்தும் ஒரே சமயத்தில், 1619இல், பதிப்பாளர் தாமஸ் பேவியருக்காக வில்லியம் ஜாகர்டின் அச்சகத்தில் அச்சானவை. முகப்பில் பழைய ஆண்டுகளைப் பொய்யாகப் போட்டிருக்கிறார்கள். 1908இல் 'தி லைப்ரரி' இதழில் கிரெக் இதை எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து வில்லியம் நைடிக் முகப்புப் பக்கங்களைப் புகைப்படம் எடுத்து, வெவ்வேறு ஆண்டு போட்ட முகப்புகளில் பிரிக்காமல் வைத்திருந்த அதே எழுத்துக் கோவை இருப்பதைக் காட்டினார். அதற்குமேல் மறுப்புக்கு இடமில்லாமல் போயிற்று.

1619 மே மாதத்தில்தான், மன்னரின் நாடகக் குழு நடிக்கும் நாடகங்களை அவர்கள் சம்மதமின்றி அச்சிடக் கூடாது என்று அரண்மனை அதிகாரியின் கடிதம் அச்சக வணிகர் சங்கத்துக்கு வந்தது. பொய்த் தேதிக்கு அதுவே காரணம் என்று கிரெக் கருதினார். காரணத்தைப் பற்றி இன்றும் விவாதம் உண்டு. தாள் சொன்னதில் விவாதம் இல்லை.

வெள்ளாறு, 'கால் தலையை அபகரிக்கிறது' என்ற வாசகத்தை ஒரு காலத்தில் 1608இன் இன்னொரு சாட்சியாகவே எண்ணியிருக்கலாம். இப்போது அது 1619இல் திருத்தாத தாளைப் பார்த்துக் கோத்த ஒருவர், பொருள் புரியாமல் காலுக்கு எதிராகத் தலையைப் போட்டது என்று தெரிகிறது. சாட்சிகளில் ஒன்று குறைந்தது.

—

கல்மண்டபம் எழுதியது:

எல்லோரும் ஒரே சுருதியில் பாடுகிறீர்கள், நான் மாறுபடுகிறேன். கிரெக்குக்கு வயிற்றுப்பாடு இல்லை. குடும்பச் சொத்து இருந்தது. 83 வயதுவரை நீர்க்குறி பார்க்க அவரால் முடிந்தது அதனால்தான். அதே ஆர்வம் இருந்த எத்தனை பள்ளி ஆசிரியர்கள் ஒரு பழைய குவார்ட்டோவைத் தொடவே முடியாமல் செத்திருப்பார்கள்?

இன்னொன்று, அவர் பெரிய இடங்களில் தவறியவர். மார்லோவின் 'டாக்டர் ஃபாஸ்டஸ்' இரண்டு வடிவங்களில் இருக்கிறது. 1604இல் வந்த சிறியதை ஏ பாடம் என்றும், 1616இல் வந்த பெரியதை பி பாடம் என்றும் சொல்வார்கள். 1950இல் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டு, பி பாடமே மூலத்துக்கு நெருக்கம், ஏ பாடம் நினைவிலிருந்து எழுதப்பட்ட சிதைந்த வடிவம் என்றார் கிரெக். அவர் சொல்லுக்கு இருந்த கனத்தால் ஒரு தலைமுறையே அதை நம்பிப் பதிப்பித்தது. 1973இல் ஃபிரெட்சன் பவர்ஸ் அதை உடைத்தார். 1993இல் பெவிங்டனும் ராஸ்முசனும் ஏ பாடத்தையே மூலத்துக்கு அருகில் வைத்தார்கள். நாற்பது ஆண்டுகள் மாணவர்கள் தவறான ஃபாஸ்டஸைப் படித்திருக்கிறார்கள்.

—

ஆற்றுமணல் எழுதியது:

வயிற்றுப்பாடு பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்த ஓய்வை அவர் எதற்குச் செலவிட்டார் என்று பாருங்கள். ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிலிப் ஹென்ஸ்லோ ரோஸ் நாடக அரங்கின் உரிமையாளர். அவர் கையால் எழுதிய கணக்கு தெற்கு லண்டனில் டல்விச் கல்லூரியில் இருக்கிறது. 1592 முதல் எந்த நாளில் எந்த நாடகம், அன்று தன் பங்குக்கு வசூல் எவ்வளவு என்று எழுதிவைத்திருக்கிறார். 1592 மார்ச் 3ஆம் தேதி 'ஹாரி ஆறு' என்ற நாடகத்துக்கு 3 பவுண்டு 16 ஷில்லிங் 8 பென்ஸ். அவருடைய எழுத்துக்கூட்டல் யாருக்கும் அடங்காது. பிறகு நாடகாசிரியர்களுக்குக் கொடுத்த முன்பணம், வாங்கிய துணி, அடகு என்று பக்கம் பக்கமாகப் போகிறது. ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கம் எப்படி ஓடியது என்பதற்கு இதற்கு நிகரான சான்று கிடையாது.

1845இல் இதைப் பதிப்பித்தவர் ஜான் பெயின் காலியர். பெரிய அறிஞர். அவரே அந்த மூல ஏட்டின் வெற்றிடங்களில் பழைய கையெழுத்தைப் போலப் புதிய வரிகளை எழுதிச் சேர்த்திருந்தார். அக்கால எழுத்தாளர் தாமஸ் நாஷ் பற்றிய சில வரிகள் அப்படி முளைத்தவை. அவற்றை நம்பி நாஷின் வாழ்க்கையை எழுதியவர்கள் உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜார்ஜ் வார்னர் 1881இல் பல போலிகளைக் கண்டுபிடித்தார். கிரெக் 1904 முதல் 1908க்குள் முழுக் கணக்கையும் மறுபடி படித்து, உண்மை வரிகளை ஹென்ஸ்லோவின் எழுத்துக்கூட்டலோடு அச்சிட்டார். போலிகளைத் தனியே பிரித்துக் காட்டினார். விரிவுரைத் தொகுதியும் எழுதினார்.

இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஒரு பதிப்பாசிரியர் மூலத்தையே கெடுத்துவிட்டால், பின்னால் வருபவர் எல்லா வரிகளின் முன்னும் சந்தேகத்தோடு நிற்க வேண்டியிருக்கிறது. கிரெக் அந்தச் சந்தேகத்தைத் தானே சுமந்தார். இன்று நாம் நம்பிக்கையோடு 3 பவுண்டு 16 ஷில்லிங் என்று எழுத முடிவது அதனால்தான்.

—

தாழைமடல் எழுதியது:

ஃபாஸ்டஸ் விஷயத்தில் கல்மண்டபம் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அதில் வேதனையான ஒரு செய்தியும் உண்டு. 1602 நவம்பரில் 'டாக்டர் ஃபாஸ்டஸ்' நாடகத்துக்குப் புதுப் பகுதிகள் எழுதியதற்காக வில்லியம் பேர்டு, சாமுவேல் ரௌலி இருவருக்கும் 4 பவுண்டு கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. எங்கே? கிரெக்கே பதிப்பித்த ஹென்ஸ்லோ கணக்கில். 1616இன் பெரிய வடிவத்தில் கூடுதலாக உள்ளவை அந்த 4 பவுண்டுக்கு எழுதப்பட்டவையாக இருக்கலாம் என்பது எளிய வழி. கிரெக் அந்த வழியில் போகவில்லை. அந்தச் சேர்ப்புகள் பி பாடத்தில் இல்லை என்று நீண்ட வாதம் செய்தார். பவர்ஸ் எளிய வழிக்குத் திரும்பினார்.

ஆனால் கிரெக் இரண்டு பாடங்களையும் முழுதாக, எதிரெதிரே அச்சிட்டிருந்தார். அவரை மறுக்கத் தேவையான பொருள் முழுவதும் அவருடைய புத்தகத்திலேயே இருந்தது.

அவருடைய கடைசிக் காலக் கட்டுரை ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரொனால்ட் மக்கெரோ அவருடைய கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர். நாஷின் எழுத்துகளைப் பதிப்பித்தவர். ஒரு பதிப்புக்கு எந்தப் பழைய நூலை அடிப்படையாகக் கொள்கிறோமோ அந்த அடிப்படைப் பாடத்துக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொல்லை 1904இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மக்கெரோதான். ஆக்ஸ்ஃபோர்டுக்காக ஷேக்ஸ்பியர் பதிப்பு ஒன்றைத் தொடங்கி, அதன் நெறிகளை 1939இல் ஒரு நூலாக எழுதி, பதிப்பை முடிக்காமலே 1940 ஜனவரியில் இறந்தார். பிரிட்டிஷ் அகாதமிக்காக அவருடைய நினைவுக் குறிப்பை எழுதியவர் கிரெக்.

அடுத்த பத்து ஆண்டுகளில் கிரெக் அந்த நண்பரின் நெறிகளோடு மல்லுக்கு நின்றார். மக்கெரோ அடிப்படைப் பாடத்தை விட்டு அதிகம் விலக அஞ்சினார். பதிப்பாசிரியரின் ரசனை உள்ளே நுழைந்துவிடும் என்ற அச்சம் அது. கிரெக் 1949இல் எழுதிய கட்டுரையில் ஒரு பிரிவினை செய்தார். எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, பெரிய எழுத்து சிறிய எழுத்து ஆகியவை ஒரு பக்கம். பொருள் தாங்கும் சொற்கள் மறுபக்கம். முதல் வகைக்கு ஆசிரியரின் கைக்கு மிக அருகில் நிற்கும் பழைய அச்சைப் பின்பற்றுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு மறு அச்சிலும் அச்சுக்கோப்பவர்கள் தம் பழக்கத்தைத் திணிப்பார்கள். சொற்களில் மட்டும் எந்தப் பிரதிக்கும் அடிமையாகாதீர்கள், ஒவ்வொரு வேறுபாட்டையும் தனித்தனியே எடை போடுங்கள். அடிப்படைப் பாடத்தின் கொடுங்கோன்மை என்றே அவர் எழுதினார். அக்கட்டுரையைப் பவர்ஸ் அமெரிக்க நாவல்கள்வரை கொண்டுபோனது தனிக் கதை.

நண்பர் இறந்த பிறகு அவர் கருத்தோடு பத்தாண்டு வாதாடுவதை நான் அன்பாகவே பார்க்கிறேன். அந்தக் கருத்தை அவ்வளவு மதித்திருக்கிறார்.

—

நெய்தல்கரை எழுதியது:

'சர் தாமஸ் மோர்' கையெழுத்துப் பிரதியைப் பற்றி யாரும் பேசவில்லையே. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பல கைகள் எழுதி, அடித்து, ஒட்டி, மறுபடி எழுதிய நாடகம். அரசின் தணிக்கை அதிகாரி எட்மண்ட் டில்னி, கலகக் காட்சியை முழுதாக நீக்கு என்று ஓரத்தில் எழுதிய மையும் அப்படியே இருக்கிறது.

கிரெக் 1911இல் இதைப் பதிப்பித்தபோது கைகளைப் பிரித்து ஏ, பி, சி, டி, ஈ என்று பெயரிட்டார். மூல நாடகத்தை எழுதிய கைக்கு எஸ் என்று பெயர். அது ஆன்டனி மண்டேயின் கை என்பதைப் பிறகு அவரே கண்டுபிடித்தார். தாளின் ஓரங்கள் பல இடங்களில் உதிர்ந்துவிட்டன. 1844இல் அலெக்சாண்டர் டைஸ் பதிப்பித்தபோது படிக்க முடிந்த சில சொற்கள் கிரெக் பார்த்தபோது இல்லை. அந்த இடங்களில் டைஸின் பதிப்பைச் சாட்சியாக வைத்தார்.

டி என்ற கை எழுதியது மூன்றே பக்கம். லண்டன் மக்கள் அந்நியர்களை விரட்டப் புறப்படுகிறார்கள். மோர் அவர்கள் முன் நின்று, குழந்தைகளை முதுகில் சுமந்து, அற்ப மூட்டைகளோடு துறைமுகத்துக்குத் தள்ளாடிப் போகும் அந்த மக்களைக் கற்பனை செய்து பாருங்கள் என்கிறான். உங்களை நாடு கடத்தினால் எந்த நாட்டுக்குப் போவீர்கள், அங்கே நீங்கள்தானே அந்நியர்கள் என்று கேட்கிறான்.

1923இல் பொலார்ட், கிரெக், மாண்ட் தாம்சன், டோவர் வில்சன், சேம்பர்ஸ் ஆகியோர் சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டார்கள். டி ஷேக்ஸ்பியரின் கை என்பது அதன் முடிவு. ஒரு சான்று மட்டும் சொல்கிறேன். அமைதி என்னும் பொருள்படும் 'சைலன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை அந்தக் கை விசித்திரமாக, எஸ்ஸுக்குப் பின் ஒரு சி சேர்த்து எழுதியிருக்கிறது. 1600இல் அச்சான 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் நீதிபதி சைலன்ஸின் பெயரும் அதே கூட்டலில் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் கையெழுத்தைப் பார்த்துக் கோத்த கம்பாசிட்டர் அதை மாற்றாமல் விட்டிருக்கிறார்.

பதிப்பு வேலை எனக்குப் பிடித்தது இந்த இடத்தில்தான். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தாமல் விட்ட ஒரு தொழிலாளியால், நூற்றாண்டுகள் கழித்து ஒரு கையை அடையாளம் காண முடிகிறது.

—

கல்மண்டபம் எழுதியது:

நெய்தல்கரை சொன்னது அருமை. நான் கிரெக்கை மட்டம் தட்ட வரவில்லை. ஆனால் அவருடைய கோட்பாடுகளைப் பிற்காலத்தார் வேதமாக்கினார்கள், அதைச் சொல்லியாக வேண்டும்.

1910இல் 'மெர்ரி வைவ்ஸ்' நாடகத்தின் 1602 குவார்ட்டோவைப் பதிப்பித்தார். அதில் விடுதிக்காரன் வரும் காட்சிகள் தெளிவாக இருக்கின்றன, அவன் இல்லாத இடங்கள் குழம்பிக் கிடக்கின்றன. ஆகவே விடுதிக்காரனாக நடித்தவன் தன் நினைவிலிருந்து நாடகத்தைச் சொல்லி எழுதவைத்திருக்கிறான் என்றார். அந்த ஒரு நாடகத்துக்கு அது அழகான ஊகம். அதன்பின் சிதைந்த குவார்ட்டோ எது கண்ணில் பட்டாலும் 'நடிகனின் நினைவு' என்று முத்திரை குத்தும் பழக்கம் வந்தது. 1996இல் லாரி மக்வயர் அப்படிச் சந்தேகிக்கப்பட்ட 41 நாடகங்களை ஆராய்ந்து, மிகச் சிலவற்றுக்கே அந்த விளக்கம் பொருந்தும் என்றார்.

அவருடைய துணிச்சலுக்கு வேறொரு பக்கமும் உண்டு. 1917இல் 'ஹாம்லெட்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நாடகத்துக்குள் நாடகம் தொடங்கும் முன் வரும் ஊமைக் காட்சியில் கொலை முழுவதும் நடித்துக் காட்டப்படுகிறது. அரசன் கிளாடியஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். தான் செய்த கொலையைக் கண்முன் கண்டவன் எப்படி அசையாமல் இருந்தான்? ஆகவே கொலை அப்படி நடக்கவில்லை, இறந்த தந்தையின் ஆவி ஹாம்லெட்டிடம் சொன்ன கொலைக் கதை அவனுடைய மனமயக்கம் என்றார் கிரெக். அந்த நவம்பரில் சண்டர்லாந்துக்குப் போகும் ரயிலில் டோவர் வில்சன் இதைப் படித்தார். அவரால் தாங்க முடியவில்லை. கிரெக்கை மறுப்பதற்காகத் தொடங்கிய வேலை 1935இல் 'ஹாம்லெட்டில் என்ன நடக்கிறது' என்ற பெரிய நூலாக முடிந்தது. நூலை யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? கிரெக்குக்கே.

—

ஈயஎழுத்து எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். கோனெரில் வரிக்குத் திரும்புகிறேன். ஆற்றுமணல் அய்யா கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

நான் திருத்தம் போட்ட அனுபவத்திலிருந்து பார்க்கிறேன். திருத்தாத தாளில் 'என் கால் என் உடலை' என்று இருக்கிறது. திருத்துபவர் மூலத்தைப் பார்க்காமல், தன் புத்தியால் மட்டும் திருத்தினால் என்ன செய்வார்? பொருள் இடிக்கும் சொல்லில் மட்டும் கை வைப்பார். கால் என்பது மூடன் ஆகும். ஆங்கிலத்தில் ஃபூட், ஃபூல் இரண்டுக்கும் கடைசிப் பக்கத்து எழுத்து ஒன்றுதான் மாறும், கையெழுத்தில் குறுக்குக்கோடு தெரியாத டி, எல் போலத்தான் இருக்கும். அதோடு விட்டுவிடுவார். 'என் மூடன் என் உடலை' என்று ஆனதும் பொருள் வந்துவிட்டது அல்லவா?

இங்கே மூன்று சொல் மாறியிருக்கிறது. 'என்' போய் 'ஒரு' வந்திருக்கிறது. 'உடல்' போய் 'படுக்கை' வந்திருக்கிறது. இந்த இரண்டிலும் பொருள் இடிக்கவில்லை. இடிக்காத சொல்லைத் திருத்துபவர் மாற்ற மாட்டார். மெஷினை நிறுத்தி, பூட்டிய பாரத்தை அவிழ்த்து, அவசியமில்லாத சொல்லைப் பிடுங்க எந்த கம்பாசிட்டர் சம்மதிப்பார்? மூலப்பிரதி கண்முன் இருந்து, அதில் அப்படி எழுதியிருந்தால் மட்டுமே இது நடக்கும். என் கணக்கில் படுக்கைதான் கையெழுத்தில் இருந்தது.

—

தாழைமடல் எழுதியது:

அய்யா, நீங்கள் சொன்னது வலுவான வாதம். எதிர்வாதத்தையும் வைத்துவிடுகிறேன். ஃபோலியோவில் 'என்', 'உடல்' இரண்டும் இருக்கின்றன. ஃபோலியோவைத் தயாரித்தவர்களிடம் அரங்கத்தின் பிரதி இருந்தது. அதில் 'படுக்கை' இருந்திருந்தால் ஏன் மாற்றவில்லை?

இதற்குக் கிரெக்கின் வழியில் ஒரு விடை உண்டு. அச்சான குவார்ட்டோ ஒன்றில் அரங்கப் பிரதியைப் பார்த்துத் திருத்தங்கள் எழுதி, அதை வைத்தே ஃபோலியோவின் 'லியர்' கோக்கப்பட்டது என்று அவர் கருதினார். அந்தக் குவார்ட்டோவில் இந்தப் பக்கம் திருத்தாத தாளாக இருந்தால், ஒப்பிட்டவர் 'கால்' என்ற பிழையைக் கண்டு மூடனாக்கிவிட்டு, இடிக்காத 'உடல்' மேல் கண்ணை ஓட்டிப் போயிருக்கலாம். அப்படியானால் ஃபோலியோவின் 'உடல்' புதிய சாட்சி ஆகாது. ஓக்ஸ் அச்சகத்தில் முதலில் விழுந்த அதே பிழைதான் இரண்டாவது இடத்தில் தலைகாட்டுகிறது. ஃபோலியோ எதைப் பார்த்துக் கோக்கப்பட்டது என்பதில் பிற்கால அறிஞர்கள் மாறுபடுகிறார்கள். ஷேக்ஸ்பியரே பின்னாளில் திருத்தி எழுதினார் என்று சொல்லி, 1986இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு இரண்டு 'லியர்' நாடகங்களைத் தனித்தனியே அச்சிட்டது. அந்த வழியில் போனால் படுக்கையும் அவர் சொல், உடலும் அவர் சொல்.

—

வெள்ளாறு எழுதியது:

ஃபோலியோவோடு வேலை முடிந்தது என்று நான் கேட்ட கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆற்றுமணல், என்ன முடிவு செய்தீர்கள்?

—

ஆற்றுமணல் எழுதியது:

மூன்று நாட்கள் எடுத்துக்கொண்டேன். பிரிட்டிஷ் நூலகம் ஒளிப்படமாக்கிய குவார்ட்டோ பக்கங்களின் படி ஒன்று முன்பே என்னிடம் இருந்தது. அதைப் பெரிதாக்கி அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஈயஎழுத்து அய்யாவின் வாதம் எனக்குத் தீர்ப்பாகிவிட்டது. இடிக்காத சொல்லை மாற்ற மெஷினை நிறுத்த மாட்டார்கள் என்பதை நூலகத்தில் உட்கார்ந்து யோசித்திருந்தால் எனக்குத் தோன்றியிருக்காது. ஆகவே 'ஒரு மூடன் என் படுக்கையைப் பறித்துக்கொண்டான்' என்று எழுதியிருக்கிறேன். அபகரித்தான் என்பதைவிடப் பறித்துக்கொண்டான் என்பதே அவள் வாயில் நிற்கிறது. அடிக்குறிப்பில் 'என் மூடன் என் உடலை' என்ற ஃபோலியோ பாடத்தையும், திருத்தாத தாளின் காலையும், 1619இன் தலையையும் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்ற விவரத்தோடு கொடுத்துவிட்டேன். நாளை யாராவது இதை மறுக்க நினைத்தால் அவர்களுக்கு வேண்டியது அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

அடுத்த வரியில் கோனெரிலின் பணியாள் ஆஸ்வால்ட், அம்மா, அய்யா வருகிறார் என்று அறிவிக்க, ஆல்பனி உள்ளே வருகிறான். அங்கும் குவார்ட்டோவும் ஃபோலியோவும் வேறுபடுகின்றன. ஆல்பனியின் பேச்சில் பெரும்பகுதி ஃபோலியோவில் இல்லை. இந்த வாரம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.